சிட்டு களைத்துப் போகும் நேரம்

சார்ஜ் ஒயரைக் கழற்றியாயிற்று. இனிப் பேட்டரி தீரும்வரை ஆட வேண்டியதுதான், வேறு வேலை இல்லை. மத்தியானச் சாப்பாடு இன்னும் சரியாக இறங்கவில்லை, அதற்குள் நாற்பத்துமூன்று வயது ஆள் உள்ளங்கை அகல மஞ்சள் டப்பாவைப் பிடித்துக்கொண்டு விளையாட உட்கார்ந்துவிட்டேன், யாராவது கேட்டால் சோதனை என்று சொல்லிக்கொள்ளலாம். கீழே மோட்டார் காயில் கட்டுகிற கடையில் வார்னிஷ் காய வைத்திருக்கிறார்கள் போல, நெடி படியேறி வந்து மூக்கில் உட்கார்கிறது, கணபதி ஏரியாவுக்கு வந்து இத்தனை வருஷம் ஆகியும் இந்த நெடி எனக்குப் பழகவில்லை, அர்த்தநாரி அண்ணனுக்குப் பழகிவிட்டது, அவர் பம்பு ஸ்டார்ட்டர் கம்பெனி வைத்திருந்தவர், அவருக்கு இது ஊதுவத்தி வாசனை. அந்தக் கம்பெனியை மூடிவிட்டு என்னை நம்பி இந்த டப்பாவில் இறங்கினார். என்னை நம்பி என்று நினைக்கும்போதெல்லாம் அந்தப் பம்பு ஸ்டார்ட்டரை நானே விழுங்கிவிட்ட மாதிரி இருக்கிறது. டப்பாவுக்குச் சிட்டு என்று பேர் வைத்ததும் அவர்தான், டிவியில் சொருகி ஆடின அந்தக் காலத்து வீடியோ கேம் மாதிரியே ஆட்டம், ஆனால் கைக்குள் அடங்குகிறது, குருவி மாதிரி இருக்குது பாரு என்றார். வரைந்தது நான், உள்ளே ஓடுகிற ஒவ்வொரு செப்புக் கோடும் நான் இழுத்தது, அதில் உள்ள கோளாறும் நான் வைத்ததுதான். பேட்டரி இறங்க இறங்கச் சிட்டு மெதுவாகிவிடும். பொத்தானை அமுக்கினால் திரையில் இருக்கிற ஆள் உடனே நகரமாட்டான், கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்வான், இன்னும் இறங்கினால் இன்னும் யோசிப்பான். இந்தக் கோளாறை ராப்பகலாக உட்கார்ந்து போன மாதம் சரி செய்துவிட்டேன். சரி செய்த சிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று நேற்றுப் பார்த்தாயிற்று, சரி செய்யாத பழைய சிட்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இன்று பார்க்க வேண்டும். பெங்களூர்க்காரர்கள் இரண்டையும் கேட்டிருக்கிறார்கள்.

பெங்களூர்க்காரர்கள். நினைத்தாலே கொட்டாவி வருகிறது. கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது, பழைய ஆட்டங்களின் உரிமையைக் கையில் வைத்திருக்கிறார்கள், நம் டப்பாவில் போட்டு விற்கச் சம்மதிக்கிறார்கள், நிபந்தனை இரண்டுதான். டப்பா எந்த நேரத்திலும் மெதுவாகக் கூடாது, அவர்கள் ஆட்டங்களோடு வேறு யாருடைய ஆட்டமும் உள்ளே இருக்கக் கூடாது. முதல் நிபந்தனை என் வேலை, முடித்துவிட்டேன். இரண்டாவது நிபந்தனைக்கு எட்டுப் பேரை வெளியே அனுப்ப வேண்டும். கரூரில், தூத்துக்குடியில், காட்பாடியில் என்று எங்கெங்கோ தனியாக உட்கார்ந்து, சிட்டுக்காகவே, இந்தச் சின்னத் திரைக்காகவே புதிதாக ஆட்டம் எழுதிக்கொண்டிருக்கிற எட்டுப் பேர். கம்பெனி இல்லை, ஆள் அம்பு இல்லை, வேலைக்குப் போய் வந்து மிச்ச நேரத்தில் எழுதுகிறவர்கள். அவர்களைத் தேடிப் பிடித்ததும் நான்தான், ஒவ்வொருவருக்கும் ஒரு சிட்டை அனுப்பி எழுதுங்கள் என்று கெஞ்சினதும் நான்தான். அட்டைப்பெட்டி அச்சடிக்கிற இடத்துக்குப் போயிருக்கிறார் அண்ணன், இரண்டு படமும் கையில் இருக்கிறது, ஒன்றில் பழைய ஆட்டங்களின் பொம்மைகள், இன்னொன்றில் எட்டுப் பேரின் பெயர்கள். சாயங்காலம் வருவார், வந்ததும் எது என்று நான் சொல்ல வேண்டும். ஏன் நான்? நீ சொன்னாச் சரி என்றுவிட்டார். அந்த மனுஷர் ஒரு நாளாவது தானே முடிவு செய்து என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

அவர் பேச்சில் நியாயம் இல்லாமலும் இல்லை. புது ஆட்டம் வேண்டுமென்றால் ஜனங்கள் ஃபோனை எடுத்துக்கொள்கிறார்கள், பழசு வேண்டுமென்றுதான் நம் டப்பாவைத் தேடி வருவார்கள் என்கிறார். பழசும் அதே ஃபோனில் இருக்கிறதே அண்ணா என்று ஒரு தடவை சொன்னேன், இருக்கும், ஆனா இந்தப் பொத்தான் இருக்காதல்ல என்றார். பொத்தானுக்காகவா இத்தனை பாடு. சின்ன வயதில் கேசட் வாடகைக்கு எடுப்போம், அட்டையில் ஒன்பதாயிரம் ஆட்டம் என்று போட்டிருக்கும், உள்ளே போனால் இருப்பது ஏழெட்டுத்தான், அதையே பேர் மாற்றி, சட்டையின் நிறத்தை மாற்றி ஒன்பதாயிரம் தடவை வரிசையில் நிறுத்தியிருப்பான். நானும் சித்தப்பா பையனும் ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்போம், நாலாயிரத்துக்கு அந்தப் பக்கம் எங்காவது யாரும் பார்க்காத ஒன்று ஒளிந்திருக்கும் என்று நம்பினோம். இருக்கவே இல்லை. இருந்தும் தேடினோம். பெங்களூர்க்காரர்கள் தரப்போவதும் அந்த ஏழெட்டுத்தான், வாங்குகிற அப்பன்மார் இரண்டு நாள் ஆடிவிட்டு, எங்க காலத்துல என்று பிள்ளைகளிடம் ஆரம்பித்து, பிள்ளைகள் எழுந்து போனதும் டிராயரில் போட்டுவிடுவார்கள். ஆனால் வாங்குவார்கள். எட்டுப் பேரின் ஆட்டத்தை யார் வாங்குவார்கள்? யாருக்கும் தெரியாத பெயர், யாரும் ஆடாத ஆட்டம். ஒருவேளை யாருமே வாங்காவிட்டால், பம்பு ஸ்டார்ட்டரை விட்டுவிட்டு வந்த மனுஷர் முகத்தில் எப்படி முழிப்பேன். அதனால் காலையில் குளிக்கும்போதே முடிவு செய்துவிட்டேன். பழசுதான். எட்டுப் பேருக்கும் அனுப்ப வேண்டிய செய்தியை பஸ்ஸிலேயே தட்டி வைத்துவிட்டேன், தங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி என்று முடிகிறது, அந்த ஒத்துழைப்பு என்கிற சொல்லைப் பார்த்தால் எனக்கே எரிச்சலாக இருக்கிறது. அனுப்புவது மட்டும்தான் பாக்கி.

என்ன ஆட்டம் போட்டேன் என்றால், எட்டுப் பேரில் ஒருத்தியான பெனிட்டாவின் ஆட்டம். பிடித்துப் போடவில்லை, கட்டைவிரல் வலிக்குப் பயந்து போட்டேன். சுடுகிற ஆட்டம், தாவுகிற ஆட்டம் எல்லாம் பேட்டரி தீரும்வரை ஆடினால் விரல் கழன்று விழுந்துவிடும், இதில் நடந்தால் போதும். தோள் என்று பேர். கரண்ட் போன ராத்திரி, வீட்டில் காற்றாடி நின்றுவிட்டது, கைக்குழந்தை வீறிடுகிறது, அப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் நடக்கிறான். அவ்வளவுதான் கதை. கோவிலைச் சுற்றி, உப்புக் கிடங்கைச் சுற்றி, மூடின கடைகளைத் தாண்டி, திரும்பவும் கோவில். குழந்தை கொஞ்சம் அடங்கும், அவன் இரண்டு எட்டு வேகமாக வைத்தால் மறுபடி தலையைத் தூக்கி அழும். நிற்க வேண்டும், முதுகில் தட்ட வேண்டும், நடக்க வேண்டும். குழந்தை தூங்கினால் வீட்டுக்குத் திரும்பலாம். தூங்கவே தூங்காது. அதுதான் அந்த ஆட்டத்தின் பிரச்சனை. நான் ஆடிப் பார்த்தேன், அண்ணன் ஆடிப் பார்த்தார், எங்களுக்கு மென்பொருள் எழுதித் தருகிற பையன்கள் இரண்டு பேர் மாற்றி மாற்றி ஒரு நாள் முழுக்க ஆடினார்கள், தூங்கவில்லை. பிழைப் பட்டியலில் குழந்தை தூங்குவதில்லை, ஆட்டம் முடிவதில்லை என்று எழுதி வைத்தோம். எட்டுப் பேரில் இவளை முதலில் கழற்றிவிடலாம் என்று அண்ணன் சொன்னதும் இதனால்தான், முடிக்கத் தெரியாதவ என்ன ஆட்டம் எழுதறா என்றார். நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

அவள் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கணக்கு எழுதுகிறாள், நேரில் பார்த்ததில்லை, ஃபோனில் குரல் மட்டும் தெரியும். குரலில் எப்போதும் பின்னால் ஒரு மிக்ஸி ஓடும். சிட்டு வந்து சேர்ந்த வாரமே கூப்பிட்டாள், சார்ஜ் சொருகுகிற இடம் லூசாக இருக்கிறது, அணைத்து அசையாமல் வைத்தால்தான் சார்ஜும் ஆட்டமும் ஏறுகிறது, ஆடும்போது சொருகினால் பிடிக்கவில்லை என்றாள். வேறு அனுப்புகிறேன் என்றேன். அனுப்பவில்லை, அவளும் திரும்பக் கேட்கவில்லை. குழந்தை தூங்கமாட்டேன் என்கிறதே என்று கேட்டபோது சிரித்தாள். "வெரசாப் போவாதீங்க சார், அவரு போற போக்குல விடுங்க" என்றாள். ஆட்டத்துக்குள் இருக்கிற பொம்மையை அவரு என்கிறாளே என்று நானும் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். கடைசியாகப் பேசினதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது, என்ன உறுத்தல் என்று பிடிபடவில்லை. "சிட்டு போகப் போகக் களைச்சுப் போவுதுல்லா சார்" என்றாள். கோளாறைச் சொல்லிக்காட்டுகிறாள் என்று எனக்கு முகம் சூடாகிவிட்டது. அதைச் சரி பண்ணிவிட்டேன், இனிக் கடைசிவரை ஒரே வேகம், களைக்கவே களைக்காது என்று பெருமையாகச் சொன்னேன். அந்தப் பக்கம் பேச்சே இல்லை. மிக்ஸிகூட நின்றுவிட்டது. அப்புறம், சரி சார் என்றாள். நல்ல செய்தி சொன்னால் சந்தோஷப்பட வேண்டாமா. ஏன் அப்படி அமைதியானாள். அன்றைக்கே அதைக் கேட்டிருக்கலாம், எனக்கு அடுத்த ஃபோன் வந்துவிட்டது.

கோவில் போயிற்று. உப்புக் கிடங்கு. மூடின கடைகள். தட்டு, நட. என் மகள் தாரிணி சின்னப் பிள்ளையாக இருந்தபோது நானும் இப்படி நடந்திருக்கிறேன், தெருவில் இல்லை, மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிச் சுற்றி. அவள் எச்சில் காலரில் ஒழுகும், இறக்கிவிட்டால் முழித்துக்கொள்வாள் என்று பயந்து தொட்டியில் சாய்ந்தபடியே நின்றிருக்கிறேன். இப்போது பதினைந்து வயது, சிட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, க்யூட்டா இருக்குப்பா என்று மேஜையில் வைத்தாள், வைத்த இடத்தில்தான் இன்னும் இருக்கிறது. அவள் மேல் கோபமில்லை. எனக்கே இது யாருக்கு என்று தெரியவில்லை, அவளுக்கு எப்படித் தெரியும். கீழே காயில் சுற்றுகிற மெஷினை நிறுத்திவிட்டார்கள், டீ நேரம் போல. விரல் வலிக்க ஆரம்பித்துவிட்டது, வலது கட்டைவிரலின் அடியில் ஒரு நரம்பு, டாக்டர் ஃபோனைக் குறையுங்கள் என்றார், நான் ஃபோனே பார்ப்பதில்லை டாக்டர், வீடியோ கேம் ஆடுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. கண்ணும் எரிகிறது. தூங்கினால் தேவலை. இந்த டப்பா சீக்கிரம் செத்தால் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொள்ளலாம், அண்ணன் வந்து எழுப்புவார், பழசுங்ணா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. அனுப்பு என்கிற இடத்தில் ஒரு தட்டு. எட்டுப் பேரும் கொஞ்ச நாள் வருத்தப்படுவார்கள், அப்புறம் அவரவர் வேலை. பெனிட்டா கணக்கு எழுதுவாள். ஒன்றும் குடி முழுகிவிடாது. அப்படியானால் ஏன் இன்னும் அனுப்பவில்லை, காலையிலிருந்து ஃபோனைக் கவிழ்த்தே வைத்திருக்கிறேனே, ஏன்.

ஆரம்பித்துவிட்டது. பொத்தானை அமுக்கினால் ஆள் யோசிக்கிறான். என் கோளாறு. பார்க்கும்போதே கூச்சமாக இருக்கிறது, கல்யாண வீட்டில் சட்டைப் பொத்தான் அறுந்த மாதிரி. பேட்டரி படம் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. மெதுவாக எட்டு வைக்கிறான், மெதுவாகத் தட்டுகிறான். சும்மா சொல்லக் கூடாது, அசிங்கமாக இல்லை. சுடுகிற ஆட்டத்தில் இந்தத் தாமதம் எரிச்சலாக இருக்கும், இவனுக்கு என்னவோ பொருந்துகிறது, இவ்வளவு நேரம் பிள்ளையைச் சுமந்தால் கால் இப்படித்தான் வரும். அதென்ன. குழந்தை தலையைத் தூக்கவில்லை. வழக்கமாக இந்தக் கோவில் முனையில் திரும்பினால் அழும், அழவில்லை. இன்னொரு சுற்று. உப்புக் கிடங்கு. ஆள் இன்னும் தளர்ந்துவிட்டான், நான் அமுக்கிவிட்டுக் காத்திருக்கிறேன், அவன் கால் எழும்பக் காத்திருக்கிறேன், வேகமாக அமுக்க நினைத்தாலும் முடியாது, அவன் போற போக்குதான். குழந்தையின் கை அவன் கழுத்தைப் பிடித்திருந்தது, இப்போது கை தொங்குகிறது. இரண்டு புள்ளி அளவு கைதான், ஆனால் தொங்குகிறது. இதை நாங்கள் யாரும் பார்த்ததில்லை. மென்பொருள் பையன்கள் ஒரு நாள் முழுக்க ஆடினார்களே, அவர்கள் எப்படிப் பார்க்கவில்லை? ஒயர். எங்கள் எல்லோர் மேஜையிலும் ஒயர் இருக்கிறது, கம்ப்யூட்டரில் இருந்து ஆட்டத்தை ஏற்றுவதே அந்த ஒயரில்தான், ஏற்றின கையோடு ஒயரிலேயே ஆடுவோம், கழற்றத் தோன்றவே தோன்றாது. ஸ்டாண்டில் நிறுத்தின வண்டியை முறுக்கிப் பார்த்துவிட்டு ஓட்டியாயிற்று என்று சொல்கிறவர்கள் நாங்கள். ஒயர் இருந்தால் பேட்டரி இறங்காது, பேட்டரி இறங்காவிட்டால் சிட்டு களைக்காது, சிட்டு களைக்காவிட்டால் குழந்தை தூங்காது. நேற்றைய சோதனையில்கூட ஓட்டினது பழைய ஆட்டம் ஒன்றைத்தான். அவளிடம் சார்ஜ் சொருகுகிற இடம் லூசு. அவள் ஒரு நாளும் ஒயரோடு ஆடினதே இல்லை. சிட்டு என்றாலே இப்படித்தான், போகப் போகக் களைக்கிற ஒன்று என்று நினைத்துக்கொண்டு, அந்தக் களைப்பை எடுத்து ஒரு அப்பனின் காலில் வைத்திருக்கிறாள். நான் அதைச் சரி பண்ணிவிட்டேன் என்று பெருமையடித்தேன். சரி சார் என்றாள். வேறு என்ன சொல்வாள், உங்கள் கோளாறை அப்படியே விட்டு வையுங்கள் என்று டப்பா செய்தவனிடமே கேட்கவா முடியும்.

அழுகை வருகிறது, வரட்டும், யாரும் இல்லை. அவன் வீட்டுத் தெருவுக்குத் திரும்பிவிட்டான், திருப்பியது நான்தான், ஆனால் அவன் என்று தோன்றுகிறது. பேட்டரி சிவப்பாகி மினுக்குகிறது. வீடு தெரு முனையில் இருக்கிறது, இந்த நடையில் போய்ச் சேருவதற்குள் டப்பா அணைந்துவிட்டால்? ஒயர் இதோ முழங்கைக்குப் பக்கத்தில் கிடக்கிறது, சொருகினால் போதும், ஒரே பாய்ச்சலில் வீடு போய்விடலாம். சொருகினால் சிப்பு முழு வேகத்துக்குக் குதிக்கும், அவன் கால் சட்டென்று எட்டு வைக்கும், குழந்தை முழித்துக்கொள்ளும். கையை ஒயர் பக்கம் கொண்டுபோகாமல் இடது கையை முட்டிக்கு அடியில் வைத்துக்கொண்டேன், எனக்கு என் கை மேல் நம்பிக்கை இல்லை. மெதுவாக. அமுக்கு, காத்திரு. அமுக்கு, காத்திரு. மூடின கடை ஒன்று. இன்னொன்று. திண்டாட்டமாக இருக்கிறது. வீட்டுக் கதவை உள்ளேயிருந்து குழந்தையின் அம்மா திறக்கிறாள், ஒதுங்கி வழி விடுகிறாள். பாய் விரித்திருக்கிறது. இதுதான் கஷ்டமான இடம், பெற்றவர்களுக்குத் தெரியும், நடப்பதெல்லாம் ஒன்றுமில்லை, கிடத்துகிற நிமிஷத்தில்தான் எல்லாம் கெடும். கீழே என்கிற பொத்தானை ஒரே ஒரு தடவை அமுக்கினேன். ஒன்றும் நடக்கவில்லை. செத்துவிட்டது என்று நினைத்தேன். அப்புறம் அவன் குனிய ஆரம்பித்தான், ரொம்ப ரொம்ப மெதுவாக, முதுகு, தோள், கை, கடைசியில் குழந்தையின் தலை பாயில் படுகிறது. அவன் கையை உருவிக்கொண்டான். குழந்தை அசையவில்லை. திரை அணைந்தது. முடிவு என்று எழுத்தில்லை, பாட்டில்லை, சிட்டுக்குப் பேட்டரி தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நானும் கொஞ்ச நேரம் அசையவில்லை, சத்தம் போட்டால் எழுந்துகொள்ளும் என்கிற மாதிரி.

படியில் அண்ணனின் செருப்புச் சத்தம். வெளிச்சம் மாறியிருக்கிறது, ஜன்னலில் வெயில் சாய்ந்துவிட்டது, எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை. சுருட்டின அட்டைகளை மேஜையில் வைத்துவிட்டுத் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார், பிரஸ்காரன் காத்திருக்கிறான், எந்தப் படம் என்று இப்போதே சொல்லச் சொல்கிறான் என்றார். என் கண்ணைப் பார்த்துவிட்டு, வார்னிஷ் புகையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பழைய சிட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"அணைஞ்சே போச்சா? எவ்வளவு நேரம் நின்னுச்சு, சென்னி?"

பார்க்கவில்லை. ஆரம்பித்த நேரத்தையும் குறிக்கவில்லை, முடிந்த நேரத்தையும் குறிக்கவில்லை, இதற்குத்தான் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கவிழ்த்து வைத்திருந்த ஃபோனை எடுத்து, பஸ்ஸில் தட்டி வைத்த செய்தியை அழித்தேன். எழுதும்போது கஷ்டப்பட்ட அளவுக்கு அழிக்கக் கஷ்டமாக இல்லை. பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், இவருடைய பம்பு ஸ்டார்ட்டர் இன்னும் என் வயிற்றில்தான் இருக்கிறது. சிட்டை அவர் கையிலிருந்து வாங்கிச் சார்ஜில் போட்டேன்.

"வீடு வரைக்கும் நின்னுச்சுங்ணா" என்றேன். "சார்ஜ் ஏறட்டும். ஒயரக் கழட்டிக் கையில தர்றேன், நீங்க ஆடிப் பாருங்க. பிரஸ்காரர காலைல வரைக்கும் பொறுக்கச் சொல்லுங்க."

"எத ஆடறது?"

"தூங்காதுன்னு எழுதி வெச்சோமே, அந்தக் கொழந்தைய."

அண்ணன் என்னை ஒரு மாதிரி பார்த்தார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார், சிட்டின் ஓரத்தில் சார்ஜ் விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெரசாப் போகாதீங்கண்ணா, அவரு போற போக்குல விடுங்க என்று சொல்லிவிட்டு, டீ சொல்லக் கீழே இறங்கினேன்.